ஏற்காட்டுத் தளம் ஒன்றும், பெயர் தெரியாத பிளகின்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளுக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்தான் பிளகின்கள். 'கட்டாயம் வேண்டிய பத்து பிளகின்கள்' என்று வரும் பட்டியல்களில் பெரும்பாலும் அதே ஐந்தாறு பெயர்கள்தான் இருக்கும். கூகுள் தேடலில் மேலே வர ஒரு எஸ்.இ.ஓ., பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகக் கொடுக்க ஒரு கேஷ், ஒரு பாதுகாப்பு, ஒரு தொடர்புப் படிவம், பக்கத்தை வடிவமைக்க ஒரு பேஜ் பில்டர். அவை கெட்டவை அல்ல. ஆனால் தமிழில் எழுதும் ஒரு வேர்ட்பிரஸ் தளத்துக்கு வரும் நோய்களை அவற்றில் பாதி கண்டுகொள்வதே இல்லை. சேலத்தில் தளப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சமீபத்தில் சீர்செய்த ஒரு தளத்தை இங்கே முழுதாக எடுத்து வைக்கிறேன். தளத்துக்காரரின் அனுமதியோடுதான். பெயரும் முகவரியும் மட்டும் இல்லை.

தளமும் அதன் ஆட்களும்

தளம் ஓர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருடையது. வீடு சேலத்தில், கொஞ்சம் காப்பி நிலம் ஏற்காட்டில், நாகலூர் பக்கம். சேர்வராயன் மலையின் செடி கொடி, காப்பி, மிளகு, கோவில், பழைய பாதைகள் என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தது பற்றி அவர் எழுதிய தொடர் பல இடங்களில் பகிரப்பட்டது. படங்களை ஏற்றுவது, வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வது எல்லாம் அவருடைய மருமகள்.

முதலில் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில், சொந்த டொமைனோடு (தள முகவரிப் பெயரோடு) இருந்தது. பிறகு யாரோ அதே டொமைனை வைத்து வேர்ட்பிரஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குறைக்கும் ஒரு பிளகின் ஏற, என்னிடம் வந்தபோது முப்பதுக்கும் மேல் இருந்தது.

சார் சொன்ன குறைகள் நான்கு. பக்கம் திறக்க நேரம் ஆகிறது. காலை 6 மணிக்கு வரவேண்டிய கட்டுரை மதியத்துக்குத்தான் வருகிறது. பழைய கட்டுரைகளுக்கு மற்றவர்கள் கொடுத்த இணைப்பு எல்லாம் 'பக்கம் இல்லை' என்கிறது. நான்காவதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "தம்பி, நான் எழுதுனத நானே தேடுனாலும் கெடைக்க மாட்டேங்குதுங்க. மிளகுன்னு போட்டா ரெண்டு கட்டுரை காட்டுது. நான் மிளகப் பத்தியே எவ்வளவு எழுதியிருக்கேன்!"

மருமகளுக்கு ஐந்தாவது குறை ஒன்று இருந்தது. "அண்ணா, லிங்க் அனுப்புனா முழுக்க சதவீதக் குறியா போகுது, வைரஸ்னு நெனச்சு யாரும் தொடறதில்ல."

வேகம்

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் வாசகர் கண்முன் தளம் உடையும். இதற்கு 'ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங்' என்ற பிளகின் இருக்கிறது. வேர்ட்பிரஸ் சமூகமே பராமரிப்பது. இதன் சோதனை நிலையைப் போட்டால் உள்நுழைந்த எனக்கு மட்டும் எல்லாப் பிளகின்களும் அணைந்த தளம் தெரியும். வெளியே இருப்பவர்களுக்கு வழக்கமான தளம்தான். அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கலாம். எல்லாம் அணைந்தபோது தளம் சட்டென்று திறந்தது. ஆக, குற்றவாளி ஹோஸ்டிங், அதாவது தளம் இருக்கும் வாடகை சர்வர், அல்ல. அதற்குள் 'பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்' என்று யாரோ சாரிடம் சொல்லி, அவரும் கிட்டத்தட்டப் பணம் கட்டவே போயிருந்தார்.

அடுத்தது 'குவெரி மானிட்டர்'. ஜான் பிளாக்பர்ன் எழுதியது. தளம் உருவாக்குகிறவர்களிடம் இதற்கு நல்ல பெயர். எழுதுகிறவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு பக்கம் திறக்கும்போது தரவுத்தளத்துக்கு எத்தனை கேள்விகள் போகின்றன, எந்தப் பிளகின் எத்தனை கேட்கிறது, தளம் வெளியே எந்த முகவரிகளைத் தொடர்பு கொள்கிறது என்று பிரித்துக் காட்டும். இதில் கடைசி விவரம்தான் இங்கே உதவியது. பகிர்வு எண்ணிக்கை காட்டும் ஒரு பழைய பிளகின், எப்போதோ மூடப்பட்ட ஒரு சேவையைக் கூப்பிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது. இப்படி வெளியே போகும் அழைப்புக்கு வேர்ட்பிரஸ் இயல்பாக 5 வினாடி பொறுக்கும். தளம் மெதுவாகத் திறந்ததில் பெரும்பகுதி அந்த ஐந்து வினாடிதான். பிளகினை நீக்கியதும் அது போயிற்று.

கேஷ் பிளகின்கள் இரண்டு இருந்தன. இந்த வகையில் பெரும்பாலானவை 'அட்வான்ஸ்டு-கேஷ்' என்ற ஒரே கோப்பைத்தான் பயன்படுத்துகின்றன. அதற்கு வேர்ட்பிரஸில் இடம் ஒன்றுதான். இரண்டு பேர் ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொண்டால் யாரும் உட்கார முடியாது. இரண்டையும் எடுத்துவிட்டு 'கேஷ் எனேப்ளர்' போட்டேன். அமைப்புப் பக்கம் ஒரே திரையில் முடிந்துவிடும். மாதத்துக்குச் சில கட்டுரைகள் வரும் தளத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

எழுத்துருவில் ஒரு வேடிக்கை. தீம் ஓர் அழகான ஆங்கில எழுத்துருவை நான்கு தடிமன்களில் கூகுளிடமிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. வாசகர் பார்த்ததெல்லாம் அவரவர் கருவியில் ஏற்கனவே இருக்கும் தமிழ் எழுத்துரு: ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா. தலைப்பில் நான்கு ஆங்கில எழுத்து அழகாகத் தெரிவதற்காக ஒவ்வொரு வாசகரும் அத்தனை கோப்புகளை இறக்க வேண்டியிருந்தது. 'ஓ.எம்.ஜி.எஃப்.' என்ற பிளகின் கூகுள் எழுத்துருக்களைக் கண்டுபிடித்து நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ள உதவும், வேண்டாததை இறக்காமலும் தடுக்கும். நான் எல்லாவற்றையும் தடுத்தேன். குப்பனூர் பாதையில் இறங்கும்போது அறுந்து அறுந்து வரும் சிக்னலில் படிப்பவருக்கு இது பெரிய விஷயம்.

காலை ஆறு மணி

இது சின்ன விஷயம், ஆனால் இரண்டு தவறுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் பிடிபடவில்லை. 6 மணிக்குப் போட்டது 11.30க்கு வந்தால், இடைவெளி சரியாக ஐந்தரை மணி நேரம். அது நம் நாட்டு நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். தளத்தின் நேர மண்டலத்தை யாரும் மாற்றவே இல்லை. மாற்றியதும் 6 மணிக்கு வரவேண்டும் அல்லவா? சில நாள் ஆறரைக்கு வந்தது, சில நாள் எட்டுக்கு.

வேர்ட்பிரஸுக்குத் தனியாகக் கடிகாரம் இல்லை. யாராவது தளத்தைத் திறந்தால்தான் நிலுவையில் இருக்கும் வேலைகளைப் பார்க்கும். விடியற்காலையில் யாரும் வராவிட்டால் கட்டுரையும் வராது. கேஷ் இருந்தால் வந்தவருக்குச் சேமித்த பக்கம் போய்விடும், வேர்ட்பிரஸ் விழிக்கவே விழிக்காது. 'டபிள்யூ.பி. க்ரான்ட்ரோல்' பிளகின் இந்த நிலுவைப் பட்டியலை அப்படியே காட்டும். எப்போதோ நீக்கிய பிளகின்கள் விட்டுப்போன வேலைகளும் அதில் வரிசையில் நின்றன, துடைத்தேன். பிறகு ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேர்ட்பிரஸைத் தட்டி எழுப்ப, சர்வரே நேரம் பார்த்துச் செய்யும் ஒரு க்ரான் வேலை வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது. க்ரான்ட்ரோலையும் எடுத்துவிட்டேன்.

முகவரிகள்

பழைய இணைப்புகள் ஏன் உடைந்தன என்பதற்கு விடை பிளாக்கரில் இருக்கிறது. தமிழ்த் தலைப்பிலிருந்து பிளாக்கருக்கு முகவரி செய்யத் தெரியாது. ஆங்கில எழுத்து எதுவும் இல்லாத தலைப்பென்றால் 'பிளாக்-போஸ்ட்' என்று வைத்து, அடுத்தடுத்தவற்றுக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். சாரின் பழைய கட்டுரைகள் எல்லாமே ஆண்டு, மாதம், 'பிளாக்-போஸ்ட்', எண் என்றுதான் இருந்தன. வேர்ட்பிரஸுக்கு வந்தபோது முகவரி முறையே மாறிவிட்டது. டொமைன் அதேதான் என்பதால் பழைய இணைப்பில் வருபவர்கள் வாசல் வரை வந்து 'பக்கம் இல்லை' என்னும் 404 பக்கத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள்.

ஜான் காட்லி எழுதிய 'ரீடைரக்‌ஷன்' இதற்கானது. பலரும் இதை ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிட மட்டும் பயன்படுத்துகிறார்கள். அதைவிட மதிப்பானது அதன் 404 பதிவேடு. எந்த இல்லாத முகவரிக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று அதில் விழும். முதலில் எதையும் மாற்றாமல் அதை ஓடவிட்டேன். எந்தப் பழைய கட்டுரைகளுக்கு இன்னும் ஆள் வருகிறது என்று தானாகத் தெரிந்தது.

திருப்பல் பட்டியலைக் கையால் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிளாக்கர் இறக்குமதிக் கருவி ஒவ்வொரு கட்டுரையின் பழைய முகவரியையும் ஒரு தனிப்புலத்தில் போட்டு வைத்திருந்தது. அதைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, புதிய முகவரியோடு இரண்டு பத்திகளாக அடுக்கி, ரீடைரக்‌ஷனுக்குள் மொத்தமாக ஏற்றலாம். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். பிளாக்கர் கைபேசிக்காரர்களுக்கு முகவரியின் வாலில் கேள்விக்குறியும் 'எம்=1' என்பதும் ஒட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த இணைப்புகளில் பெரும்பாலானவை இந்த வாலோடுதான் இருந்தன. ரீடைரக்‌ஷன் அமைப்பில் வாலைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போடாவிட்டால் பாதி வேலை வீண்.

மருமகள் சொன்ன சதவீதக் குறிக் கதை வேறு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். வேர்ட்பிரஸ் கட்டுரை முகவரிக்குக் கொடுப்பது 200 இடம். அதாவது ஏறக்குறைய 22 குறிகள். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக்குறிகளாகவே எண்ணப்படும் என்பதால் இது மூன்று சொற்களில் தீர்ந்துவிடும்.

சாரின் தளத்திலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. 'சேர்வராயன் மலையில் மிளகு அறுவடை' என்று ஒரு கட்டுரை. முதல் சொல்லில் பத்துக் குறி, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் ஐந்து. இடைவெளி இரண்டையும் சேர்த்தால் சரியாக 200. 'அறுவடை' காணாமல் போயிற்று. பிறகு 'சேர்வராயன் மலையில் மிளகு நோய்கள்' என்று இன்னொன்று எழுதியிருக்கிறார். அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, ஒரே முகவரி இரண்டு கட்டுரைக்கு வரக்கூடாது என்பதால் பின்னால் '-2' ஒட்ட இடம் வேண்டி ஓர் உகரத்தையும் இழந்து 'மிளக-2' என்று முடிந்திருந்தது. கட்டுரைக்குள் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார், முகவரிக்கே நோய் வந்திருக்கிறது.

தானாக ஒலிபெயர்த்து ஆங்கில எழுத்தில் முகவரி தரும் பிளகின்களைத் தேடினேன். பிற மொழிகளுக்கு நன்றாக இருக்கின்றன. தமிழுக்கு எனக்குப் பிடித்ததாக எதுவும் அகப்படவில்லை. ஆகவே பிளகின் வேண்டாம், வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கையால் அடிப்பது என்று முடிவு. மருமகளுக்கு அது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழையவற்றில் அதிகம் பகிரப்பட்டவற்றை மட்டும் மாற்றினோம். முகவரி மாறும்போது திருப்பலைத் தானாகப் போடும் வசதி ரீடைரக்‌ஷனில் உண்டு.

தேடல்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதிக நேரம் போனதும் இதில்தான்.

வேர்ட்பிரஸின் சொந்தத் தேடல் மிக எளியது. நீங்கள் அடித்த எழுத்துவரிசை அப்படியே கட்டுரைக்குள் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும். ஆங்கிலத்தில் இது ஓரளவு ஓடும். தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் கடைசியே மாறிவிடுகிறது. 'மிளகு' என்று தேடினால் 'மிளகுக்கொடி' கிடைக்கும். 'மிளகின்', 'மிளகை' கிடைக்காது. 'மரம்' தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. 'ஏற்காடு' தேடினால் 'ஏற்காட்டில்' கிடைக்காது. ஏற்காட்டைப் பற்றிய தளத்தில் ஏற்காடு கிடைக்காமல் போவது இப்படித்தான்.

இதற்கு மேல் எழுத்துக்கூட்டல். காப்பி, காபி, காஃபி. ஆர்க்கிட், ஆர்கிட். காக்பர்ன், காக்பன். சார் ஒரே கட்டுரையில் இரண்டு விதமாக எழுதியிருப்பார். வாசகர் மூன்றாவதாகத் தேடுவார்.

'ரெலவன்ஸி' என்ற பிளகின், ஃபின்லாந்துக்காரரான மிக்கோ சாரி எழுதியது, இந்த இடத்தில் உட்காருகிறது. கட்டுரைகளைச் சொற்களாகப் பிரித்துத் தனி அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளும். தமிழ் இலக்கணம் அதற்குத் தெரியாது. ஆனால் நாம் கற்றுக்கொடுக்க இரண்டு வழி தருகிறது. ஒன்று, முழுச்சொல் பொருந்தினால் மட்டும் போதுமா, சொல்லின் தொடக்கமோ முடிவோ பொருந்தினாலும் எடுக்கலாமா என்ற தேர்வு. முழுச்சொல் கிடைக்காதபோது மட்டும் பகுதிச்சொல்லைப் பார்க்கும் நிலையும் அதில் உண்டு. தமிழுக்கு எப்போதும் பகுதிச்சொல் என்று மாற்ற வேண்டும். இரண்டு, இணைச்சொல் பட்டியல். 'காபி = காப்பி' என்று ஒரு வரி, 'காப்பி = காபி' என்று இன்னொரு வரி; ஒருவழிப் பாதை என்பதால் இரண்டும் எழுத வேண்டும். தேடலை 'எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும்' என்று வைக்காமல் 'ஏதாவது ஒன்று இருந்தால் போதும்' என்று வைத்தால்தான் இலவசப் பதிப்பில் இந்தப் பட்டியல் வேலை செய்யும்.

இரண்டையும் சேர்த்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. 'ஏற்காடு = ஏற்காட்ட' என்று அரைகுறையாக எழுதினால் ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு, ஏற்காட்டை எல்லாம் அகப்படும். 'மரம் = மரத்' என்றால் மரத்தில், மரத்தின், மரத்தடி. அதே உற்சாகத்தில் 'மிளகு = மிளக' என்று போட்டால் மிளகாய்ச் சட்னி பற்றிய கட்டுரை முதல் ஆளாக வந்து நிற்கும். அங்கே மட்டும் மிளகின், மிளகை, மிளகில் என்று உருபோடு தனித்தனியாக எழுதினோம். இந்தப் பட்டியலைத் தயாரித்தது சார்தான். தமிழாசிரியராகத் தொடங்கியவர், எந்தச் சொல் எப்படித் திரியும் என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

மூன்று குறிக்குக் குறைவான சொற்களை ரெலவன்ஸி இயல்பாக விட்டுவிடும். 'பலா' தப்பித்துவிடும், 'பூ' தப்பாது. அளவை இரண்டாகக் குறைத்து அட்டவணையை மறுபடி போட்டேன். இந்த அட்டவணை சும்மா வருவதில்லை. கட்டுரைகள் பிடிக்கும் இடத்தைப் போல மூன்று மடங்கு வரை தரவுத்தளத்தில் பிடிக்கும் என்று அதன் ஆசிரியரே எச்சரிக்கிறார். ஹோஸ்டிங்கில் தரவுத்தளத்துக்கு வரம்பு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 'கோவில்' என்ற சொல் சில கட்டுரைகளில் மட்டும் கிடைக்கவில்லை. கண்ணால் பார்த்தால் இருக்கிறது. அவை சார் முன்பு யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றியவை. பாமினியில் 'கோ' என்பது இரட்டைக்கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று விசை. எளிய மாற்றிகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டுக் காலை அப்படியே விட்டுவிடும். யூனிகோடில் ஓகாரத்துக்கு ஒரே குறி இருக்கிறது. இங்கே இரண்டு குறிகள் இருந்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலுக்கு அவை வேறு வேறு.

'பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்' பிளகின் தரவுத்தளம் முழுக்க ஒன்றைத் தேடி இன்னொன்றாக மாற்றும். முதலில் ஒத்திகை ஓட்டி, எத்தனை இடம் மாறும் என்று மட்டும் காட்டும். காப்புப் பிரதி எடுத்துவிட்டு ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் மாற்றினேன். ஔகாரத்தைத் தொடவில்லை. ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் 'வெள்ளி' செத்துவிடும். கொலுசு செய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய மனம் வருமா? அந்தச் சில இடங்களை சார் கண்ணால் பார்த்துத் திருத்தினார். வேலை முடிந்ததும் இந்தப் பிளகினை அன்றே நீக்க வேண்டும். தரவுத்தளத்தையே புரட்டக்கூடிய கருவியைத் தளத்தில் சும்மா வைத்திருக்கக் கூடாது.

ரெலவன்ஸியின் தேடல் பதிவேடு எதிர்பாராத பலன். வாசகர்கள் என்ன தேடினார்கள், எதற்கு விடையே கிடைக்கவில்லை என்று அதில் தெரியும். 'குப்பனூர் வழி பஸ்' என்று திரும்பத் திரும்ப யாரோ தேடியிருந்தார்கள். சார் அதைப் பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். எஸ்.இ.ஓ. பிளகின் ஒருநாளும் அவருக்கு இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்ததில்லை. அது செய்ததெல்லாம், தேர்ந்த சொல் போதிய முறை வரவில்லை என்று சிவப்பு விளக்கு காட்டியதுதான். 'மிளகு' என்று கொடுத்தால் 'மிளகின்' என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. அந்த விளக்கைப் பச்சையாக்க சார் சில கட்டுரைகளில் உருபே இல்லாமல் 'மிளகு' 'மிளகு' என்று எழுதியிருந்தார். படிக்கச் சங்கடமாக இருந்தது. அந்த மதிப்பெண் பகுதியை அணைத்தேன், அவர் பழையபடி எழுதத் தொடங்கினார். 'வாசிக்கும் நேரம் ஒரு நிமிடம்' என்று எல்லாக் கட்டுரைக்கும் காட்டிக்கொண்டிருந்த பிளகினும் போயிற்று. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியில் சொற்களை எண்ணும் செயற்கூறு ஒன்றுக்கு ஆங்கில எழுத்துதான் சொல். தமிழ்க் கட்டுரை அதற்கு வெற்றுத்தாள்.

படங்களும் ஆர்க்கிட்களும்

ஏற்காட்டில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தேசிய ஆர்க்கிடேரியம் இருக்கிறது. மலையில் காட்டு ஆர்க்கிட்களும் உண்டு. சாரும் மருமகளும் அவற்றைத் தேடிப்போய் எடுத்த படங்கள் தளத்தின் பெருமை. எந்த இடம் என்று கட்டுரையில் ஒருபோதும் எழுதமாட்டார். எழுதினால் அடுத்த வாரம் செடி இருக்காது என்பது அவர் வாதம்.

ஆனால் கைபேசிப் படத்துக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கும். இடம் காட்டும் வசதி திறந்திருந்தால் ஜி.பி.எஸ். எண்களும் அதில் பதிந்துவிடும். பெரிய படத்தை வேர்ட்பிரஸ் பல அளவுகளில் சிறிதாக்குகிறது. இமேஜ்மேஜிக் என்ற படக் கருவி வழியாகச் செய்யும்போது எக்ஸிஃபை வேண்டுமென்றே விட்டுவைக்கிறது, படம் நிற்கும் திசை போன்ற விவரங்கள் போய்விடக் கூடாது என்பதற்காக. 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பு முதல் 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தைக் குறைத்து வைத்தாலும் அசல் கோப்பும் சர்வரிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வந்து ஏறியவற்றில் இடக்குறிப்பு இல்லை. கைபேசியிலிருந்து நேராக ஏற்றியவற்றில் இருந்தது. ஒரு படத்தை இறக்கி, அது எடுக்கப்பட்ட இடத்தை வரைபடத்தில் காட்டியபோது சார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மருமகளிடம், "அம்மா, மொதல்ல இதப் பார்த்துடலாம், மத்ததெல்லாம் அப்பறம்" என்றார்.

கைபேசிக் கேமராவில் இடக்குறிப்பை அணைத்தோம். பழையவற்றுக்கு 'ஈ.டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. இமேஜ் ஆப்டிமைசர்'. படத்தை இறுக்குவதோடு உள்குறிப்பை அகற்றும் தேர்வும் இதில் உண்டு, மொத்தமாக ஓட்டலாம். ஓட்டிய பிறகு அசல் கோப்புகளைத் தனியாக இறக்கிச் சோதித்தேன். சந்தேகம் இருந்த சிலவற்றைக் கணினியில் சுத்தம் செய்து 'எனேபிள் மீடியா ரீப்ளேஸ்' வழியாக அதே முகவரியில் மாற்றி வைத்தோம். கட்டுரையில் எதையும் தொட வேண்டியதில்லை.

தீம் மாறியபோது தேவையற்றுப் போன அளவுகளை 'ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ்' துடைத்தது. அதை எழுதிய அலெக்ஸ் மில்ஸ் 2019இல் காலமானார். அவர் வேலை செய்த ஆட்டோமேட்டிக் நிறுவனம் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. எல்லாப் பிளகினுக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை.

எதை நம்புவது

பெயர் தெரியாத பிளகின் என்றால் ஆபத்தும் உண்டு. 2017இல் 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற பிளகின் கைமாறியது. சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது அது. வாங்கியவர் அடுத்த புதுப்பிப்புகளில் தளங்களுக்குள் விளம்பரக் குப்பையை நுழைக்கும் நிரலைச் சேர்த்தார். பலமுறை எச்சரிக்கப்பட்டுக் கடைசியில் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இப்படி ஒரு பிளகின் நீக்கப்பட்டால் வேர்ட்பிரஸ் உங்கள் டாஷ்போர்டில் எதுவும் சொல்லாது. புதுப்பிப்பு வருவது நிற்கும், அவ்வளவுதான். அதனால் சாரின் தளத்தில் எஞ்சியவற்றைப் பார்த்தபோது நிறுவல் எண்ணிக்கையை நான் பொருட்படுத்தவில்லை. கடைசிப் புதுப்பிப்பு எப்போது, உதவிக் கேள்விகளுக்கு ஆசிரியர் பதில் சொல்கிறாரா, அண்மையில் உரிமையாளர் மாறினாரா என்று மட்டும் பார்த்தேன். இரண்டு பிளகின்கள் பட்டியலிலேயே இல்லை. அவை முதலில் போயின.

இப்போது தங்கியிருப்பவை பத்துக்கும் குறைவு: கேஷ் எனேப்ளர், ரீடைரக்‌ஷன், ரெலவன்ஸி, பட இறுக்கி, காப்புப் பிரதிக்கு ஒன்று, எரிதப் (ஸ்பாம்) பின்னூட்டங்களைத் தடுக்க 'ஆன்டிஸ்பாம் பீ', வருகையை நம் சர்வரிலேயே எண்ணும் 'கோகோ அனலிடிக்ஸ்', யார் எதை மாற்றினார்கள் என்று குறித்து வைக்கும் 'சிம்பிள் ஹிஸ்டரி'. கடைசியானது மாமனார் மருமகள் இருவரின் வேண்டுகோள். ஒரு வரைவு காணாமல் போனதில் யார் கை பட்டது என்ற பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லையாம்.

'பப்ளிக் போஸ்ட் பிரிவ்யூ' ஒன்றையும் நான் சிபாரிசு செய்து சேர்த்தேன். வெளியிடாத வரைவை உள்நுழையாதவர்களும் பார்க்க ஓர் இணைப்பு தரும். 48 மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும். மிளகுக்கொடி வாடல் பற்றி எழுதினால் சார் அதை நாகலூரில் இருக்கும் தோட்டக்கார நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவர் எழுத்தில் பதில் தருவதில்லை, குரல் பதிவாகத் திட்டி அனுப்புவார். அதற்குப் பிறகுதான் கட்டுரை வெளியாகும்.

குவெரி மானிட்டர், ஹெல்த் செக், க்ரான்ட்ரோல், பெட்டர் சர்ச் ரீப்ளேஸ், எனேபிள் மீடியா ரீப்ளேஸ், ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ் எல்லாம் வேலை முடிந்ததும் நீக்கப்பட்டன. எழுத்துருத் தடுப்பைத் தீமின் அமைப்புக்கே மாற்றிவிட்டதால் ஓ.எம்.ஜி.எஃப்.பும் தேவைப்படவில்லை. இறந்த இணைப்புகளைத் தேடும் 'புரோக்கன் லிங்க் செக்கர்' ஒன்றையும் சில நாள் ஓட்டிவிட்டு எடுத்தேன். அது சர்வரைத் தொடர்ந்து வேலை வாங்கும் என்பதால் பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஹோஸ்டிங்கில் நிரந்தரமாக வைப்பது சரியல்ல.

மிச்சமிருப்பது ஒரு வேலை. சாரிடம் பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை வேர்ட்பிரஸுக்குள் கொண்டுவந்து திருத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மாற்றியதைக் கணினியிலேயே கொம்பும் காலும் சரிபார்த்து, ஆங்கில எழுத்தில் முகவரி எழுதி, நேர மண்டலத்துக்கு ஏற்ற பழைய தேதியோடு ஏற்ற வேண்டும். மருமகள் அதற்கு ஒரு விரிதாள் போட்டிருக்கிறார். முதல் பத்தியில் கோப்பின் பெயர், இரண்டாவதில் முகவரி. மூன்றாவது பத்தி இணைச்சொற்கள். அதை நிரப்புவது சாரின் பொறுப்பு.